‘நீங்க பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன்’: ஆடிட்டர் அலுவலகத்தில் தபால் தவறும் இடங்களும் சரிசெய்யும் முறையும்

இரண்டு முதல் ஐந்து கூட்டாளிகள், சில ஆர்ட்டிகிள் பிள்ளைகள் (சிஏ படித்துக்கொண்டே பயிற்சி பெறுபவர்கள்), கணக்கு பார்க்க இரண்டு பேர், ஒரு ஆபீஸ் பாய். தி. நகரிலோ மயிலாப்பூரிலோ ஒரு மாடிப் போர்ஷனில் நடக்கும் ஆடிட்டர் அலுவலகத்தின் அளவு பெரும்பாலும் இவ்வளவுதான். அப்படிப்பட்ட இடங்களை மனதில் வைத்து எழுதியது இது. வக்கீல், ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். உங்கள் அலுவலகத்தில் தெரிகிற கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

கோளாறு எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது, அந்தத் தகவல் எந்த வாசல் வழியாக வந்தது என்பதுதான். வாசல்கள் ஐந்து: அலுவலகப் பொது மெயில், கூட்டாளிகளின் சொந்த மெயில்கள், அரசு போர்ட்டல்கள், காகிதத் தபால், வாட்ஸ்அப். முதல் வாசலுக்கு மட்டும் முறை வகுத்துவிட்டு மற்ற நான்கையும் திறந்து போட்டிருப்பதுதான் வழக்கம். இன்னொன்று, கூட்டாளிகளுக்குள் மேலதிகாரி கிடையாது. கிளார்க் மறந்தால் கேட்க மேனேஜர் உண்டு. பார்ட்னர் மறந்தால் இன்னொரு பார்ட்னர் கேட்கத் தயங்குவார், அவர் சீனியராக இருந்தால் வாயே திறக்க மாட்டார். அதனால் கீழே சொல்லும் மருந்துகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முடியும்: வந்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே ஒருவர் பெயர். சாஃப்ட்வேர் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

கோளாறு: எல்லாரும் பார்த்தார்கள், யாரும் பதில் போடவில்லை

கிளையன்ட் செவ்வாய்க்கிழமை அனுப்பிய மெயில். வெள்ளிக்கிழமை போன் செய்து கடிந்துகொள்கிறார். பெட்டியில் தேடினால் மெயில் இருக்கிறது, படித்ததாகவும் காட்டுகிறது. "நீங்க பார்த்துட்டீங்கன்னு விட்டுட்டேன் சார்" என்று இரண்டு பேரும் சொல்கிறார்கள்.

பொதுப் பெட்டியை ஒரே பாஸ்வேர்டில் மூன்று பேர் திறக்கிறார்கள் என்றால், ஒருவர் சிக்னலில் நிற்கும்போது மொபைலில் தொட்டதும் தடித்த எழுத்து மெல்லிசாகிவிடும். அடுத்தவருக்கு அது முடிந்துபோன வேலை. ஆக, படித்தது–படிக்காதது என்பதை வேலையின் நிலையாக வைத்துக்கொள்ளவே கூடாது. அதை நம்பி நடக்கும் அலுவலகத்தில் இந்தக் கோளாறு மாதம் ஒருமுறையாவது வரும்.

சரிசெய்யும் முறை இது. வாரத்துக்கு ஒரு கூட்டாளி ‘தபால் பார்ட்னர்’. திங்கள் முதல் சனி வரை பொதுப் பெட்டியை அவர் மட்டுமே பிரித்துக் கொடுப்பார்: காலை 10.30 மணிக்கு ஒருமுறை, மாலை 4 மணிக்கு ஒருமுறை. அந்த நேரத்தில் அவர் பதில் எழுதக் கூடாது. பிரிப்பது மட்டுமே வேலை. பதில் எழுத ஆரம்பித்தால் மூன்றாவது மெயிலிலேயே சிக்கிக்கொள்வார், மீதி நாற்பது அப்படியே கிடக்கும். ஒவ்வொரு மெயிலுக்கும் இரண்டு லேபிள் போட வேண்டும். ஒன்று பொறுப்பாளரின் முதலெழுத்து. மற்றொன்று நிலை: ‘செய்ய’, ‘கிளையன்ட் பதிலுக்கு’, ‘முடிந்தது’. நிலைகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ‘அவசரம்’, ‘மிக அவசரம்’ என்று சேர்த்துக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் எல்லா மெயிலும் மிக அவசரம் ஆகிவிடும்.

பொறுப்பாளர் என்றால் அவரே உட்கார்ந்து பதில் எழுத வேண்டும் என்று பொருளில்லை. ஆர்ட்டிகிளிடம் கொடுக்கலாம். ஆனால் லேபிளில் ஆர்ட்டிகிள் பெயர் ஏறக் கூடாது, பார்ட்னர் பெயர்தான் நிற்க வேண்டும். ஆர்ட்டிகிள் பரீட்சை லீவில் போவார், மெயில் அவரோடு போய்விடக் கூடாது.

கருவியைப் பொறுத்தவரை, ஜிமெயிலில் பாஸ்வேர்டைப் பகிர்வதற்குப் பதில் ‘டெலிகேஷன்’ (பாஸ்வேர்டு தராமலே இன்னொருவரைப் பெட்டியைத் திறக்க விடும் வசதி) கொடுங்கள். செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’ பகுதியில் இருக்கிறது. அதே இடத்தில், மற்றவர் திறந்தால் படித்ததாகக் காட்ட வேண்டுமா வேண்டாமா என்று ஒரு தேர்வும் உண்டு. ‘படிக்காததாகவே விடு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் குரூப்ஸில் ‘கொலாபரேட்டிவ் இன்பாக்ஸ்’ போட்டால் மெயிலை ஒருவருக்கு ஒதுக்கவும் முடிந்ததாகக் குறிக்கவும் முடியும். ஆனால் அந்தக் குறி குரூப்ஸ் தளத்தில்தான் தெரியும், அவரவர் ஜிமெயிலில் தெரியாது. கூட்டாளிகள் ஜிமெயிலிலேயே பதில் போட்டுப் பழகியவர்கள் என்றால் பத்து நாளில் அந்த ஒதுக்கீட்டை ஒருவரும் திறந்து பார்க்க மாட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு ‘ஷேர்டு மெயில்பாக்ஸ்’ போதும். 50 ஜிபி வரை அதற்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. லேபிளுக்குப் பதில் ‘கேட்டகரி’ வண்ணங்களைப் பயன்படுத்தலாம்.

கோளாறு: ஒரே கேள்விக்கு இரண்டு பார்ட்னர் இரண்டு பதில்

முந்தையதன் மறுபக்கம்தான், ஆனால் மானம் போவது இதில் அதிகம். ஒருவர் ‘டிடிஎஸ் பிடிக்க வேண்டும்’ என்கிறார், பத்து நிமிடம் கழித்து மற்றவர் ‘தேவையில்லை’ என்கிறார். ஃபீஸ் விஷயத்தில் நடந்தால் இன்னும் மோசம். குறைந்த தொகையைச் சொன்ன மெயிலைத்தான் கிளையன்ட் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

மற்றவர் ஏற்கெனவே பதில் போட்டது பெட்டியில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பதில் அவரவர் சொந்த ஐடியிலிருந்து போயிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஷேர்டு மெயில்பாக்ஸில் இது கூடுதலாக ஏமாற்றும். பொது முகவரியிலிருந்தே அனுப்பினாலும், அனுப்பிய நகல் சாதாரணமாக அனுப்பியவரின் சொந்த ‘சென்ட் ஐட்டம்ஸ்’ஸில்தான் விழும். அட்மின் பக்கத்தில் அந்த மெயில்பாக்ஸைத் திறந்து, அனுப்பியவற்றின் நகலைப் பொதுப் பெட்டியிலும் வைக்கும் தேர்வை இயக்கிவிட்டால் தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை.

மீதி, பழக்கம். பொது முகவரிக்கு வந்ததற்குப் பொது முகவரியிலிருந்துதான் பதில் போக வேண்டும், அடியில் எழுதியவர் பெயரோடு. கருத்து கேட்கும் மெயிலுக்கு, தன் பெயர் லேபிளில் இல்லாத பார்ட்னர் பதில் போடக் கூடாது. சொல்ல ஏதாவது இருந்தால் பொறுப்பாளரிடம் சொல்லலாம். சில கிளையன்ட்கள் ஒரு பார்ட்னர் முடியாது என்றதும் அடுத்த பார்ட்னருக்கு அதையே தனியாக எழுதிப் பார்ப்பார்கள். அம்மா இல்லை என்றதை அப்பாவிடம் கேட்கும் பிள்ளை மாதிரி. அப்படி வந்த மெயிலைப் பதில் எழுதாமல் பொதுப் பெட்டிக்குத் திருப்பிவிடுவதே சரி.

கோளாறு: கிளையன்ட் அனுப்பினேன் என்கிறார், நம்மிடம் வரவில்லை

முதலில் கிளையன்ட்டிடம் கேட்க வேண்டியவை இரண்டு: எந்த முகவரிக்கு அனுப்பினார், திரும்பி வந்த மெயில் ஏதாவது உண்டா. அவருடைய ‘சென்ட்’ பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். பழைய முகவரியை அவர் மெயில் தானாக நிரப்பியிருக்கும்.

அதிலும் கிடைக்கவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்.

1. ஸ்பாம். ஜிமெயில் ஸ்பாமை 30 நாளில் அழித்துவிடும், அதனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ‘ட்ராஷ்’ கதையும் அதேதான்.

2. கூகுள் குரூப் முகவரி என்றால், ஒப்புதலுக்கு நிற்கும் மெயில்களின் பட்டியல். குரூப் சந்தேகப்படும் மெயிலை யாருக்கும் அனுப்பாமல் அங்கே நிறுத்திவைக்கும். யாருடைய ஸ்பாமிலும் இருக்காது. வெளியாட்கள் யாரும் எழுதலாம் என்ற அனுமதி இல்லாவிட்டால் கிளையன்ட் மெயில் உள்ளேயே வராது.

3. ஃபில்டர். என்றைக்கோ ஒருவர், பேங்க் விளம்பரம் தொல்லை தாங்காமல் ‘இன்பாக்ஸில் காட்டாதே’ என்று போட்டிருப்பார். அதே பேங்கின் கன்ஃபர்மேஷன் லெட்டரும் அதில் மாட்டும்.

4. இடம். இலவச ஜிமெயிலுக்கு 15 ஜிபிதான், டிரைவும் போட்டோவும் சேர்த்து. நிரம்பினால் வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பும்.

5. அளவு. ஜிமெயிலிலிருந்து 25 எம்பி வரைதான் இணைத்து அனுப்ப முடியும். பைல் மெயிலில் போகும்போது சுமார் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும், ஆகவே 20 எம்பி ஸ்கேன் 27 எம்பி ஆகிவிடும். வவுச்சர்களை 600 டிபிஐ கலரில் ஸ்கேன் செய்கிற கிளையன்ட்டிடம் 200 டிபிஐ கறுப்பு–வெள்ளை போதும் என்று சொல்லுங்கள்.

இவற்றிலும் இல்லை, ஆனால் சீனியர் பார்ட்னர் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது என்றால் விடை அநேகமாக பாப்3. பழைய ஹோஸ்டிங் மெயிலை அவர் அவுட்லுக்கில் பாப் முறையில் வைத்திருப்பார். அது சர்வரிலிருந்து மெயிலை இறக்கிக்கொண்டு அங்கே அழித்துவிடும். காலையில் முதலில் கம்ப்யூட்டரைப் போடுகிறவருக்கே எல்லா மெயிலும். ‘சர்வரில் ஒரு நகலை விட்டுவை’ என்று டிக் செய்வது தற்காலிக மருந்து. அடியோடு தீர, மெயிலைச் சர்வரிலேயே வைத்திருக்கும் ஐமேப் முறைக்கு மாற வேண்டும். மாற்றுவதற்கு முன் அந்தக் கம்ப்யூட்டரில் அவுட்லுக் மெயிலைச் சேமித்துவைத்திருக்கும் பிஎஸ்டி ஃபைலை நகலெடுத்து வைக்காமல் கை வைக்காதீர்கள். வருடக்கணக்கான மெயில் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. பேங்க், அரசுத் துறை மெயில்கள் மட்டும் வரவில்லை, மற்றவை வருகின்றன. அலுவலக டொமைனுக்கு வருவதை ஒவ்வொரு பார்ட்னரின் ஜிமெயிலுக்கும் ஃபார்வர்டு போட்டிருந்தால் இப்படி ஆகும். ஃபார்வர்டு ஆன மெயில் வேறு சர்வரிலிருந்து வருவதால் எஸ்பிஎஃப் சோதனையில் (அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது) தவறும். மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்தும் கெட்டிருந்தால், கண்டிப்பான டிமார்க் கொள்கை (இந்தச் சோதனைகளில் தவறிய மெயிலை என்ன செய்வது என்ற விதி) வைத்திருக்கும் நிறுவனத்தின் மெயில் நிராகரிக்கப்படும் அல்லது ஸ்பாமுக்குப் போகும். ஃபார்வர்டை எடுத்துவிட்டு, எல்லாரும் மூலப் பெட்டியையே நேரடியாகத் திறப்பதுதான் தீர்வு.

கோளாறு: நோட்டீஸ் வந்ததே கெடு முடிந்த பிறகுதான் தெரிந்தது

மற்ற கோளாறுகளில் போவது மரியாதை. இதில் போவது கிளையன்ட்டின் பணம்.

வேர் ஒரே இடத்தில்: போர்ட்டலில் பதிந்திருக்கும் மெயில் ஐடி யாருடையது? பத்து வருடத்துக்கு முன் கிளையன்ட்டுக்கு மெயிலே இல்லாத காலத்தில், பார்ட்னர் தன் சொந்த ஜிமெயிலைக் கொடுத்துப் பதிவு செய்திருப்பார். அல்லது அப்போது இருந்த ஆர்ட்டிகிளின் ஐடி. அவர் இன்று எங்கேயோ சிஎஃப்ஓ. எச்சரிக்கை மெயில்கள் இன்னும் அவருக்குத்தான் போகின்றன.

‘நாங்கள் பார்க்கவில்லை’ என்பது சட்டத்தில் எளிதில் எடுபடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 13 படி, பெறுபவர் குறித்துக்கொடுத்த கணினி அமைப்புக்குள் நுழைந்த நேரமே மின்னணு ஆவணம் கிடைத்த நேரம். திறந்த நேரம் அல்ல. ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 169 மெயிலில் அனுப்புவதையும் போர்ட்டலில் ஏற்றிவைப்பதையும் சார்பு செய்யும் (சட்டப்படி கொண்டுசேர்க்கும்) முறைகளாகச் சொல்கிறது. போர்ட்டலில் ஏற்றியதைப் பார்க்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன ரிட் மனுக்கள் ஏராளம். சிலருக்கு நிவாரணம் கிடைத்தது, அதுவும் வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி. அதை நம்பி அலுவலகம் நடத்த முடியாது.

முதல் வேலை, பட்டியல். எல்லா கிளையன்ட்டுக்கும் வருமான வரி போர்ட்டலின் ப்ரொஃபைலிலும் ஜிஎஸ்டி பதிவிலும் உள்ள மெயில், மொபைலை ஓர் எக்செல் தாளில் எழுதுங்கள். முதன்மை ஐடி கிளையன்ட்டுடையதாகவும், இரண்டாவது ஐடி அலுவலகப் பொது முகவரியாகவும் இருக்க வேண்டும். எந்தப் பார்ட்னரின் சொந்த ஐடியும் இரண்டு இடத்திலும் வேண்டாம். ஜிஎஸ்டியில் மெயில், மொபைல் மாற்றுவது ‘நான்–கோர்’ திருத்தம். அதிகாரி ஒப்புதல் தேவையில்லை, ஓடிபி போதும். ஓடிபி கிளையன்ட் மொபைலுக்குப் போகும் என்பதால் அவரைப் போனில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பகல் 11 முதல் 1 வரை கடைக்காரர்களைப் பிடிப்பது கஷ்டம். மதியம் மூன்று மணி தோது.

இரண்டாவது வேலை, வாரச் சுற்று. எச்சரிக்கை மெயில் வரும் என்று காத்திராமல் போர்ட்டலுக்குள் போய்ப் பார்ப்பது. வருமான வரியில் ‘பெண்டிங் ஆக்ஷன்ஸ்’ கீழே ‘இ–ப்ரொசீடிங்ஸ்’ மட்டும் பார்த்தால் போதாது; நிலுவைத் தொகைக்கான பகுதி தனியாக இருக்கிறது. ஜிஎஸ்டியில் சாதாரண நோட்டீஸ் பக்கத்தோடு கூடுதல் நோட்டீஸ்களுக்கான பகுதியையும் திறக்க வேண்டும். தவறிப்போனவை பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் கிடந்தன. சுற்று முடிந்ததும் தாளில் தேதியும் பார்த்தவர் முதலெழுத்தும். ‘ஒன்றும் இல்லை’ என்றாலும் எழுத வேண்டும். காலியாக விட்டால் பார்க்கவில்லை என்றே கொள்ளப்படும்.

சுற்று எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைக் கெடுக்களே தீர்மானிக்கும். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்யக் காரணம் கேட்கும் ஆர்இஜி–17 நோட்டீஸுக்கு 7 வேலை நாள்தான். ரிட்டர்ன் போடாததற்கு வரும் 3ஏ நோட்டீஸுக்கு 15 நாள். ரிட்டர்னில் உள்ள முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்கும் ஏஎஸ்எம்டி–10க்கு 30 நாளுக்கு மிகாமல், நோட்டீஸில் குறித்த கெடு. வருமான வரியில் 1961 சட்டத்தின் 139(9) குறைபாட்டு நோட்டீஸுக்கு 15 நாள், 143(1)(ஏ) திருத்த முன்மொழிவுக்கு 30 நாள். ஏழு வேலை நாள் என்ற ஒன்று இருக்கும்வரை மாதம் ஒருமுறை சுற்று என்பது வேலைக்காகாது. வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை காலை.

2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், பதிவேட்டில் எந்தச் சட்டத்தின் பிரிவு என்றும் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டுகளுக்கான நோட்டீஸ்கள் பழைய பிரிவு எண்களிலேயே வரும். ஒரே மேஜையில் இரண்டு சட்டமும் கொஞ்ச காலம் கிடக்கும்.

பதிவேட்டு வரி இப்படி இருந்தால் போதும்:

‘ஏஎஸ்எம்டி–10 / ஹார்டுவேர் கடை, கொரட்டூர் / போர்ட்டலில் ஏறியது ஜூன் 3 / நாம் பார்த்தது ஜூன் 8 / பதில் கெடு ஜூலை 3 / உள்கெடு ஜூன் 26 / பொறுப்பு: மீ / மாற்று: பா’

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கெடுவை ஜூன் 3லிருந்து எண்ணியிருக்கிறது, நாம் பார்த்த 8லிருந்து அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான். உள்கெடு ஒரு வாரம் முன்னால் இருப்பது தேவையற்ற பயமல்ல. கடைசி நாளில் போர்ட்டல் படுத்துக்கொள்வது நமக்குத் தெரியாததா?

கெடு ஏற்கெனவே போய்விட்டது என்றால், அடுத்து எது திறந்திருக்கிறது என்று உடனே பாருங்கள். உத்தரவு இன்னும் வரவில்லை என்றால் அவகாசம் கேட்டுப் பதிலையும் கூடவே ஏற்ற முடிகிறதா என்று முயலலாம். ஜிஎஸ்டியில் உத்தரவே வந்துவிட்டால் பிரிவு 107 படி மேல்முறையீட்டுக்கு 3 மாதம், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 1 மாதம். அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரியால் மன்னிக்க முடியாது. தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். கிளையன்ட்டிடம் அதே நாளில் சொல்லிவிடுங்கள், பொறுப்பாளர் பார்ட்னர் நேரில். இந்த மாதிரிச் செய்தியை ஆர்ட்டிகிள் மூலம் சொல்லி அனுப்புவது அந்த கிளையன்ட்டை இழக்கும் வழி.

கோளாறு: பிடிஎஃப் திறக்கவில்லை / இது உண்மையான நோட்டீஸ்தானா

வருமான வரி இன்டிமேஷன் (ரிட்டர்னைச் சரிபார்த்துத் துறை அனுப்பும் அறிவிப்பு) பிடிஎஃபுக்குப் பாஸ்வேர்டு: பான் சிறிய எழுத்தில், அதை ஒட்டி பிறந்த தேதி, எட்டு இலக்கமாக. கம்பெனி, பார்ட்னர்ஷிப் என்றால் தொடங்கிய தேதி. பானைப் பெரிய எழுத்தில் அடிப்பதுதான் வழக்கமான தவறு.

உண்மையா என்று சந்தேகம் வந்தால் மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், கடிதத்தில் அச்சிட்டிருக்கும் டின் (ஆவண அடையாள) எண்ணைப் பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித் துறைக் கடிதங்களுக்கு இந்த ஆவண எண் கட்டாயம். இ–ஃபைலிங் தளத்தின் முகப்பிலேயே லாகின் இல்லாமல் சரிபார்க்கலாம். சப்ளையரின் பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று கிளையன்ட் பெயரில் வரும் மெயிலுக்கு, பழைய எண்ணில் போன் போட்டுக் கேட்காமல் ஒன்றும் செய்யக் கூடாது. மெயிலில் கொடுத்திருக்கும் புதிய போன் எண்ணில் கேட்டால் திருடனிடமே சாவி கேட்டதாகும்.

கோளாறு: காகிதத் தபால் திரும்பிப் போகிறது, அல்லது தேதி தகராறு

நோட்டீஸெல்லாம் ஆன்லைன்தானே என்ற நினைப்பில் இந்த வாசலை மூடிவிட்ட அலுவலகங்கள் உண்டு. கோர்ட், பேங்க், பிஎஃப், மாநகராட்சி என்று காகிதம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

சென்னைக்கே உரிய காரணம் ஒன்று உண்டு: பழைய எண், புதிய எண். ஒரே தெருவில் உங்கள் புதிய எண் இன்னொருவருடைய பழைய எண்ணாக இருக்கும். லெட்டர்ஹெட்டில் ஒன்று, போர்ட்டலில் மற்றொன்று என்றிருந்தால் தபால் நாலு வீடு தள்ளிப் போய்ச் சேரும். எல்லா இடத்திலும் ‘பழைய எண் இது, புதிய எண் இது’ என்று இரண்டையும், மாடியையும், பின்கோடையும் ஒரே மாதிரி எழுதுங்கள். தி. நகர் 600017, மேற்கு மாம்பலம் 600033. ‘மாம்பலம்’ என்று மட்டும் போட்டால் ரயில் பாதைக்கு எந்தப் பக்கம் என்று தபால்காரர்தான் யூகிக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. 13 எழுத்து–எண் கொண்ட கன்சைன்மென்ட் நம்பரை இந்தியா போஸ்ட் தளத்தில் போட்டால் எந்த நாள், எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று தெரியும். எதிர்த்தரப்பும் அதைத்தான் காட்டுவார்கள். சரியான முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பியது சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்பது 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாஸஸ் சட்டத்தின் பிரிவு 27. ‘கதவு பூட்டியிருந்தது’ என்று எழுதித் திரும்பிய கவர் உங்களைக் காப்பாற்றாது. மதிய இடைவேளையில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடப் போகாமல் ஒருவர் இருங்கள்.

அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு வாங்கினால் டெலிவரி ஆனது ஆனதுதான். அவர் இரண்டு நாள் கழித்துக் கொடுத்தாலும் கெடு முதல் நாளிலிருந்து ஓடும். ஆபீஸ் பாய் காலை 11, மாலை 5 என்று இரண்டு தடவை இறங்கிக் கேட்டு வரட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தபால் பெட்டியில் தண்ணீர் ஏறும். அந்த இரண்டு மாதம் பெட்டியை மேலே மாற்றிவிடுங்கள்.

கவரைக் கிழித்துக் குப்பையில் போடுவதுதான் இந்த வாசலின் பெரிய தவறு. கடிதத்தில் 2ஆம் தேதி, தபால் முத்திரையில் 9ஆம் தேதி என்று இருந்தால், கெடு எப்போது தொடங்கியது என்பதற்குக் கவர்தான் சாட்சி. திறந்ததும் கடிதத்தின் வலது மேல் மூலையில் எழுத்து மறையாமல் தேதி முத்திரை, அதன் மேல் வாங்கியவர் சுருக்கொப்பம், பின்னால் கவரை ஸ்டேபிள். கவரின் இரண்டு பக்கமும் சேர்த்து ஸ்கேன் செய்து பொதுப் பெட்டிக்கு அனுப்பிவிட்டால், அதற்குப் பிறகு அதுவும் ஒரு மெயில். 4 மணிப் பிரிப்பில் தானாக லேபிள் ஏறும்.

கோளாறு: பார்ட்னர் லீவ், எல்லாம் நின்றுவிட்டது

அவர் பாஸ்வேர்டை வாங்கித் திறக்கலாம் என்றால் இரட்டைச் சரிபார்ப்பு அவர் மொபைலைக் கேட்கும். மொபைல் அவரோடு ஆஸ்பத்திரியில். சொந்தப் பெட்டிக்கும் இன்னொரு பார்ட்னருக்கு முன்கூட்டியே டெலிகேஷன் கொடுத்து வைப்பதுதான் வழி. டெலிகேட் படிக்கலாம், பதில் போடலாம், பாஸ்வேர்டை மாற்ற முடியாது. குடும்ப மெயில்களும் அதே பெட்டியில் இருக்கிறதே என்று தயங்குகிறவர், தொழிலுக்குத் தனி ஐடி வைத்துக்கொள்ள இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

அப்படியே டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். விலகிப்போன பார்ட்னரின் சொந்த ஐடிக்கு ரின்யூவல் நினைவூட்டல் போய்க்கொண்டிருந்தால், ஒருநாள் டொமைன் காலாவதியாகி அலுவலகத்தின் அத்தனை மெயிலும் ஒரே நேரத்தில் நிற்கும்.

கோளாறு: எல்லாம் வாட்ஸ்அப்பில் கிடக்கிறது

தடுக்க முடியாது, முயலவும் வேண்டாம். அன்றன்றைக்கு வந்த ஆவணத்தை அன்று மாலைக்குள் பெற்றவரே கிளையன்ட் பெயரைத் தலைப்பில் போட்டுப் பொதுப் பெட்டிக்கு அனுப்பிவிட வேண்டும். ‘அப்புறம் இறக்கிக்கொள்ளலாம்’ என்று விட்ட ஃபைலை, நாள் கடந்தபின் மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டிவரும். ஆடிட் ஆதாரங்களைக் குறைந்தது 7 வருடம் வைத்திருக்க வேண்டும். மொபைல் அவ்வளவு காலம் உழைக்காது.

கோளாறு: ஒரு மாதம் ஒழுங்காக நடந்தது, பிறகு பழையபடி

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. தபால் பார்ட்னர் அந்த வாரம் ஹியரிங்கிலோ வெளியூர் ஆடிட்டிலோ இருந்தார், மாற்று ஆள் குறிக்கப்படவில்லை. அல்லது சீனியர் பார்ட்னர் தன் மொபைலிலிருந்தே பதில் போட்டுக்கொண்டிருக்கிறார், மற்றவர்களும் எதற்கு நமக்கு மட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

முதலாவதற்கு, மாதத் தொடக்கத்திலேயே நான்கு வாரத்துக்கும் தபால் பார்ட்னர், மாற்று இருவர் பெயரையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டாவதற்கு, சீனியரை மாற்ற முயல்வதைவிட அவர் பதில்கள் தானாகவே பொதுப் பெட்டிக்கு ஒரு நகல் போகும்படி செய்துவிடுவது சுலபம். மொபைலில் அவர் அனுப்பும் முகவரியைப் பொது முகவரியாக மாற்றிக் கொடுத்தால் அவருக்கு வித்தியாசமே தெரியாது.

வெள்ளிக்கிழமை மாலை பதினைந்து நிமிடம், ‘செய்ய’ லேபிளில் ஏழு நாளுக்கு மேல் நிற்பவற்றை மட்டும் கூட்டாளிகள் சேர்ந்து பார்க்க வேண்டும். யார் தவறு என்ற பேச்சு அங்கே வேண்டாம். பெயரை மாற்றுவதா, கெடுவை மாற்றுவதா, ‘முடிந்தது’ போடுவதா, மூன்றில் ஒன்று. வரித் தணிக்கை அறிக்கைக்கான செப்டம்பர் 30, அதைத் தொடர்ந்து ரிட்டர்னுக்கான அக்டோபர் 31 நெருங்கும் வாரங்களில் சுழற்சியை நிறுத்திவிட்டு, கையெழுத்து வேலை குறைவாக உள்ள பார்ட்னர் ஒருவரே இரண்டு மாதமும் தபாலைப் பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு ஈடாக நவம்பர், டிசம்பரில் அவர் பெயர் பட்டியலில் வேண்டாம்.